பார்ட்டிஷன் மூன்று

திரையில் எழுத்தைக் காணோம். அதுதான் சங்கரேஸ்வரிக்கு முதலில் உறைத்தது. சி டிரைவ், டி டிரைவ் என்று இத்தனை வருஷம் பெயர் சொல்லிப் பழகிய இரண்டும் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் நம்பராக நின்றன. பார்ட்டிஷன் ஒன்று, நூறு எம்பி. இரண்டு, பதினாறு எம்பி. மூன்று, இருநூற்று முப்பத்தேழு ஜிபி. நான்கு, இருநூற்று முப்பத்தெட்டு ஜிபி. கடைசியாக ஒன்றுக்கும் ஆகாத ஒரு பொடிசு. மூன்றும் நான்கும்தான் விஷயம். ஒன்று சி, ஒன்று டி. ஒன்றை அழித்துவிட்டு அந்த இடத்தில் சிஸ்டத்தைப் புதிதாக ஏற்ற வேண்டும், இன்னொன்றின் மேல் விரல் படவே கூடாது. நேற்று சாயங்காலம் கரண்ட் போய் வந்ததிலிருந்து லேப்டாப் திறக்கவில்லை. நீலத் திரை, அதில் அழுவதுபோல ஒரு முகம், கீழே யாருக்கும் புரியாத நம்பர். எட்டுத் தடவை அணைத்துப் போட்டுப் பார்த்தாள். எட்டுத் தடவையும் அதே முகம். அழுகிற முகம் போடுவது இவள் தொழில், இவளுக்கே அதைக் காட்டினால் என்ன அர்த்தம் என்று ஆத்திரம் வந்தது. சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாவு மில்லுக்கும் பழைய பேப்பர் கடைக்கும் நடுவில், ஒரு மேஜையும் ஒரு ஸ்கேனரும் இரண்டு ஸ்டூலும் போட்டால் நிறைந்துபோகிற இந்த அறையில் பன்னிரண்டு வருஷமாக அவள் ஃப்ளெக்ஸுக்கும் போஸ்டருக்கும் டிசைன் பண்ணுகிறாள். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எல்லாம் வரும். ஆனால் தட்டாமல் வருவது கண்ணீர் அஞ்சலிதான். செத்த அன்றைக்கு ஒன்று, பதினாறாம் நாளுக்கு ஒன்று, முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு என்று அது வந்துகொண்டே இருக்கும். நாளைக்குச் சீனியம்மாளுக்கு மூன்றாம் ஆண்டு. அந்தப் பிள்ளையின் அப்பா கொண்டல்சாமி இரண்டு மணி பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். இப்போது மணி பத்தே முக்கால்.

சொல்லிவிட்டுத்தான் போனார். போன செவ்வாய்க்கிழமை. ஸ்டூலில் உட்காரவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார். "தாயி, இந்தத் தடவ பட்டுச்சேல வேண்டாம். நகையும் வேண்டாம்." சரிங்கய்யா, வேற கலர்ல சேல மாத்திருவோம் என்றாள் இவள், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே, சேலைதான் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு. "அதில்ல தாயி. அவ இருந்த மாதிரியே வேணும். கருப்புதான அவ. நீ செவப்பாக்கிட்ட. நான் ஒன்னும் சொல்லல, அழகாத்தான் இருக்கு, எல்லாரும் அழகாருக்குன்னாக. ஆனா தாயி, மூணு வருசமா அந்தப் படத்துக்குத்தான பூப் போடுதேன். இப்ப கண்ண மூடினா அந்தச் செவத்த பிள்ளதான் வருது. எம் பிள்ள வர மாட்டேங்கா." அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் அழவில்லை. கணக்கு ஒத்துவராத ஆள் நிற்பதுபோல நின்றார். "நீ அன்னைக்கு எடுத்த அசல் படம் இருக்குல்ல?" இருக்குங்கய்யா என்றாள். டி டிரைவ்ல பத்திரமா இருக்கு, சிஸ்டமே செத்தாலும் டி-க்கு ஒன்னும் ஆகாது, பயப்படாதீங்க. அதைச் சொன்னபோது வாயில் எவ்வளவு தெம்பு. அவருக்கு டி என்றால் என்ன தெரியும். ஏதோ பேங்க் லாக்கர் என்று நினைத்திருப்பார். தலையாட்டிவிட்டுப் போனார். மூன்றா, நான்கா. எது அந்த லாக்கர்.

காலி இடம் எவ்வளவு என்று பக்கத்திலேயே போட்டிருந்தது. மூன்றில் பத்தொன்பது ஜிபி, நான்கில் பதினான்கு. டி-யில்தான் டிசைன் எல்லாம் குவிந்து கிடக்கிறது, அதுதான் நிரம்பியிருக்கும், அப்படியானால் நான்கு டி. சரிதான். ஆனால் போன வாரம் ஏதோ ஒன்றின் கீழே சிவப்புக் கோடு வந்ததே, இடம் தீரப்போகிறது என்று, அது எதன் கீழே வந்தது? சி-யா? சி என்றால் சி-யில் அல்லவா பதினான்கு இருக்க வேண்டும்? சிவப்புக் கோடு ஞாபகம் இருக்கிறது, அதன் மேல் இருந்த எழுத்து ஞாபகம் இல்லை. அவளுக்கு எப்போதும் இதுதான். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்திருக்கும், கேஸும் மூடியிருக்கும், ஆனாலும் மறுபடி பாதி வழியில் கை விரலை முகர்ந்து பார்ப்பாள். லேப்டாப் ரிப்பேர் பார்க்கிற இஸ்ரவேலுக்குப் போன் போட்டாள். அவன் மச்சினி கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போயிருக்கிறான். சிஸ்டம் ஏற்றுகிற பென்டிரைவை முன்பே ஒரு தடவை கொடுத்து வைத்திருந்தான், அந்தப் புண்ணியத்தில்தான் இந்தத் திரையாவது வந்தது. போனை அவன் எடுக்கவில்லை. திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினாள். நீலக் குறி விழவில்லை. மாவு மில் ஓட ஆரம்பித்தது. அது ஓடினால் மேஜை நடுங்கும், மேஜையோடு மவுஸும், மவுஸோடு திரையில் அந்த அம்பும். அம்பு மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நின்று நடுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தப்பாக ஒரு தட்டுத் தட்டினால் போச்சு. இதே மேஜைதான் அன்றைக்கும். அன்றைக்கு மில் ஓடவில்லை. ஊரே கடையடைப்பு.

பட்டாசு ஆலையில் வெடித்த மறுநாள். ஏழு பேர். ஏழு பேருக்கும் போஸ்டர் இவளிடம்தான் வந்தது. காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தபோதே வாசலில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், கையில் கல்யாண ஆல்பம், செல்போன், ரேஷன் கார்டு. கொண்டல்சாமி கடைசியில் நின்றார். சட்டைப் பையிலிருந்து பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், பேங்க் புஸ்தகத்திலிருந்து பிய்த்தது, ஓரத்தில் ரப்பர் ஸ்டாம்பின் ஊதா மை. "சீக்கிரம் எடுத்துட்டுக் குடு தாயி. அவகூட வைக்கணும்." வேற படம் இல்லையாய்யா, இத நீங்க வச்சுக்கிடுங்க என்றாள். "இல்ல தாயி. அங்க மொகம் இல்ல. துணி சுத்தித் தந்திருக்காக. மொகம் இருக்க வேண்டிய எடத்துல இத வச்சுத்தான் குழியில எறக்கணும். மொகம் இல்லாம எப்படி அனுப்ப." படத்தை வாங்கிக் கண்ணாடி மேல் வைத்தாள். ஸ்கேனர் நாற்பது விநாடி ஓடியது. அந்த வெளிச்சம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனது. படத்தைத் திருப்பிக் கொடுத்தாள், அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். அவர் பெண்டாட்டி, சீனிக்கு ஏழு வயசிலேயே செத்துப்போய்விட்டாள், ஒரே பிள்ளை, வேறு படம் எடுக்க அந்த வீட்டில் ஆள் ஏது. ஆலைக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது என்பதால் சீனியின் போன் வீட்டில்தான் இருந்தது. அதில் நிறைய இருந்திருக்கும், அந்த வயசுப் பிள்ளைகள் நாளைக்கு இருபது எடுக்கும். ஆனால் பூட்டு. விரலால் எப்படிக் கோடு இழுப்பாள் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. கடையில் கொடுத்தார், பூட்டைத் திறந்து கொடுத்தார்கள், உள்ளே ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் துடைத்துத்தான் திறக்க முடியும் என்பதை யாரும் அவருக்கு முன்னால் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக் குரூப் போட்டோவில் கடைசி வரிசையில் பாதி நெற்றி. ஆதார் அட்டையில் இருப்பது யாராகவும் இருக்கலாம். ஆகக்கூடி, சீனியம்மாளின் முகம் இந்த உலகத்தில் இருப்பது ஒரே ஒரு இடத்தில். அதற்குப் பெயர்கூட இப்போது இல்லை, வெறும் நம்பர்.

போன் அதிர்ந்தது. இஸ்ரவேல் குரல் அனுப்பியிருந்தான், பின்னால் பேண்டு வாத்தியம் காதைக் கிழித்தது. "அக்கா, மூணாவதுதான் சி. நாந்தான பிரிச்சுக் குடுத்தேன். மூணாவதச் செலக்ட் பண்ணி டெலீட் குடுங்க, அப்புறம் நியூ, அப்புறம் நெக்ஸ்ட். நாலாவதத் தொட்டுராதீங்க. டி-லதான எல்லாம் வச்சிருக்கீங்க? அப்ப கண்ண மூடிட்டுப் பண்ணுங்கக்கா." மூன்று தடவை கேட்டாள். மூணாவது, மூணாவது, மூணாவது. சந்தேகமே இல்லை. அம்பைக் கொண்டுபோய் மூன்றின் மேல் வைத்தாள், அந்த வரி நீலமானது. டெலீட். கேட்டது திரை: இதில் உங்கள் முக்கியமான ஃபைல்கள் இருக்கலாம், அழித்தால் போய்விடும், சம்மதமா? எல்லாரையும் இப்படித்தான் கேட்கும், கொஞ்சம் பயமுறுத்தினால்தான் அதற்குத் திருப்தி. சி-யில் என்ன முக்கியம் இருக்கிறது. சிஸ்டம் இருக்கிறது, அதுவோ செத்துக் கிடக்கிறது. மாவு மில் நிற்கட்டும் என்று காத்திருந்தாள். நின்றது. அமுக்கினாள். அவ்வளவுதான், ஒரு சத்தம் இல்லை, ஒரு சுழல் இல்லை. பார்ட்டிஷன் மூன்று இருந்த இடத்தில் ஒதுக்கப்படாத இடம் என்று வந்தது. இருநூற்று முப்பத்தேழு ஜிபியும் காலி, ஒரு கண்சிமிட்டு நேரம். ஒரு வீட்டைக் காலி பண்ணவே நாலு நாள் ஆகிறது. கீழே நான்கு, தன் பதினான்கு ஜிபி மிச்சத்தோடு, பத்திரமாக உட்கார்ந்திருந்தது. நியூ. நெக்ஸ்ட். ஃபைல்கள் ஏறத் தொடங்கின. ஒரு சதவீதம். உள்ளங்கை வியர்த்திருந்ததைச் சேலையில் துடைத்துக்கொண்டு, கெட்டிக்காரிதான்டி நீ என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

ஆறு சதவீதம். பதினொன்று. இனி காத்திருப்பதுதான் வேலை. முதலில் போட்டோஷாப் ஏற்ற வேண்டும், அது டி-யில் இருக்கிறது. அப்புறம் தமிழ் எழுத்துரு, அதுவும் டி-யில். அப்புறம் சீனியின் அசல் படத்தை எடுத்து, நிறத்தைத் தொடாமல், முகத்தை அறுக்காமல், பாஸ்போர்ட் படத்தின் நீலப் பின்னணியோடு அப்படியே பெரிதாக்கி, கீழே மூன்றாம் ஆண்டு நினைவஞ்சலி. அரை மணி வேலை. எஃப் ஃபைவைத் தொடவே கூடாது. எஃப் ஃபைவ் அவளே செய்து வைத்த குறுக்குவழி. ஒரு அமுக்கு, முகம் இரண்டு படி வெளுக்கும், எண்ணெய் வழிகிறது போகும், கண்ணுக்குக் கீழே குழி நிறையும். கையில் படம் வந்தால் அவள் யோசிப்பதில்லை, விரல் தானாகப் போய் அதை அமுக்கிவிடும். அப்புறம் உடம்பு. ஐந்து பெண் உடம்பு வைத்திருக்கிறாள், மெரூன் பட்டு, பச்சைப் பட்டு, கழுத்து நிறைய காசுமாலை. ஆண்களுக்குக் கோட்டு. வாழ்நாளில் சட்டைப் பொத்தானைப் போட்டிராத ஆளெல்லாம் செத்த மறுநாள் கோட்டு மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் தொங்குவான். வீட்டுக்காரர்களும் அதைத்தான் கேட்பார்கள். நல்லா போட்டுக் குடும்மா, நல்லா போட்டுக் குடும்மா. நல்லா என்றால் சிவப்பாக. சீனிக்கு மெரூன் பட்டு. அந்த உடம்புக்குச் சொந்தக்காரி மதுரையில் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள், கல்யாண ஸ்டூடியோ படம், இப்போது பிள்ளை பெற்றுப் பருத்திருப்பாள். அவள் கழுத்தின் மேல் எத்தனை பேரை வைத்தாயிற்று. அசலை எங்கே வைத்தேன். டி-யில், ஸ்கேன் என்கிற ஃபோல்டரில். அதில் நம்பர் நம்பராக நானூறு படம், எல்லாரும் அவரவர் நிறத்தில், அவரவர் பல்லோடு. மஞ்சள் ஃபோல்டர், பக்கத்தில் கண்ணீர், பக்கத்தில் காதுகுத்து. ஸ்கேன் ஃபோல்டரின் மூலையில் மட்டும் ஒரு சின்ன அம்பு.

அம்பா? எதற்கு அம்பு? இருபத்தேழு சதவீதம். மற்ற எதற்கும் அம்பு கிடையாது. கண்ணீருக்குக் கிடையாது, காதுகுத்துக்குக் கிடையாது. அந்த அம்பு முதலிலிருந்தே இருந்தது, டெஸ்க்டாப்பில் இருந்தபோதே இருந்தது. இஸ்ரவேல் ஒரு நாள் சத்தம் போட்டான், டெஸ்க்டாப்ல வைக்காதீங்கக்கா, டெஸ்க்டாப்னா சி-தான், எல்லாத்தையும் டி-க்குத் தூக்கிருங்க. அன்றைக்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் வளைத்துப் பிடித்து டி-யில் கொண்டுபோய்ப் போட்டாள். கண்ணீர் ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது, நடுவில் போய்ச் சோறு தின்றுவிட்டு வந்தாள். ஸ்கேன் உடனே ஏறிவிட்டது. ஒரு விநாடி. அப்போது என்ன நினைத்தாள்? சின்னப் படங்கள்தானே, சட்டென்று ஏறிவிட்டது என்று நினைத்தாள். நானூறு படம். ஒரு விநாடி. அதற்குப் பிறகு மூன்று வருஷமாக டி-க்குள் போய் அந்த ஃபோல்டரைத் தட்டினால் திறக்கும், உள்ளே நானூறு பேரும் இருப்பார்கள், தட்டுவாள், இருப்பார்கள், தட்டுவாள், இருப்பார்கள். அப்படியானால் அது டி-தானே. டி-யில் போய்த்தானே தட்டினாள். தட்டினால் திறந்ததே. ஸ்கேனர் எடுக்கிற படம் தானாகப் போய் எங்கே விழுகிறது என்று ஸ்கேனர் வந்த அன்றைக்கு யாரோ காட்டினார்கள், டாக்குமென்ட்ஸுக்குள்ளே, அதற்குள்ளே, அதற்குள்ளே. தினம் அவ்வளவு தூரம் போக முடியாது, இந்தாங்க, வெளியில ஒரு வழி வச்சுத் தர்றேன் என்று ஒரு ஃபோல்டரை டெஸ்க்டாப்பில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு வழி. முப்பத்தொன்பது சதவீதம். அவள் டி-க்குத் தூக்கியது வழியை. ஊரைத் தூக்கவில்லை. ஊர் இருந்தது சி-யில், டாக்குமென்ட்ஸுக்குள்ளே, அதற்குள்ளே. பார்ட்டிஷன் மூன்றில்.

இல்லை. இருக்காது. நிறுத்திவிடலாமா, ஒயரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, இந்த லேப்டாப்பில் பேட்டரி கழற்ற முடியாது, நாற்பத்தொன்று, ஒவ்வொரு சதவீதமும் யார் மேலோ ஏறி உட்கார்ந்துகொண்டிருக்கிறது. பவர் பொத்தானில் விரலை வைத்தாள். அமுக்கவில்லை. இஸ்ரவேல் நான்காம் தடவையில் எடுத்தான். அவள் சொன்னது அவளுக்கே புரியவில்லை, அவனுக்குப் புரிந்துவிட்டது. பந்தியை விட்டு வெளியே வந்திருப்பான்போல, பேண்டுச் சத்தம் குறைந்தது. "ஷார்ட்கட்டையாக்கா காப்பி பண்ணீங்க?" என்றான்.  அழிந்ததை மதுரையில் எடுத்துக் கொடுப்பார்களே, போன தடவை ஒரு கல்யாண வீட்டுப் படமெல்லாம் எடுத்துக் கொடுத்தார்களே என்றாள். "அது பழைய ஹார்டு டிஸ்க்குக்கா. உங்களுக்கு நான் போட்டது புதுசு, எஸ்எஸ்டி. வேகமா இருக்கும்னு நீங்கதான கேட்டீங்க. இதுல டெலீட் குடுத்தா அதுவே உள்ள எல்லாத்தையும் சுத்தமாத் தொடச்சிரும். ஒன்னும் மிஞ்சாது. யார் ஃபைலுக்கா?" யாருதும் இல்ல, சும்மா பழைய படம் என்று சொல்லி வைத்துவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள்? கண்ண மூடிட்டுப் பண்ணுங்க என்று சொன்னானே, அவனைத் திட்டலாம். ஆனால் அவன் கேட்டான். டி-லதான எல்லாம் வச்சிருக்கீங்க என்று கேட்டான். திரையும் கேட்டது, சம்மதமா என்று. எல்லாரும் கேட்டார்கள். கொண்டல்சாமியும் கேட்டார், இருக்குல்ல என்று. இவள்தான் எல்லாரிடமும் ஆமாம் என்றாள். நூறு சதவீதம் ஆனது. லேப்டாப் ஒரு தடவை அணைந்து எழுந்து, வணக்கம் என்றது, எந்த நாடு, எந்த மொழி, உங்கள் பெயர் என்ன என்று புதுப்பெண்ணை விசாரிப்பதுபோல விசாரித்தது. பதில் போட்டுக்கொண்டே வந்தாள். எல்லாம் பளிச்சென்று திறந்தது. டி இருந்தது. கண்ணீர் இருந்தது. ஸ்கேன் இருந்தது, மூலையில் அம்போடு. மஞ்சள் போய் வெள்ளைக் காகிதமாக இருந்தது. தட்டினாள். இந்த வழி போகிற இடம் இப்போது இல்லை, இந்தக் குறியை அழித்துவிடலாமா என்று மரியாதையாகக் கேட்டது. வேண்டாம் என்று கொடுத்தாள். மறுபடி தட்டினாள். மறுபடி கேட்டது.

மணி பன்னிரண்டு இருபது. அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை.  கண்ணீர் ஃபோல்டரில் சீனியம்மாள் இருந்தாள், முதல் நாள், முதலாம் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றிலும் அதே மெரூன் பட்டு, அதே வெள்ளை முகம். எல்லாம் ஒட்டிச் சேர்த்து ஒரே படமாக்கிய ஃபைல்கள், அடியில் இருந்த அசலைப் பிரித்தெடுக்க முடியாது. இடம் அடைக்கும் என்று அடுக்கு அடுக்காகச் சேமிப்பதே அவளுக்குப் பழக்கமில்லை. போட்டோஷாப் ஏறட்டும் என்று உட்கார்ந்தாள். கண்ணை மூடி அந்தப் பாஸ்போர்ட் படத்தை வரவழைத்துப் பார்த்தாள். வந்தது. ஊதா மை வந்தது. நீலப் பின்னணி வந்தது, அந்த மட்டமான ஸ்டூடியோ நீலம். ஒரு மூலை சுருண்டிருந்தது வந்தது, அதை நகத்தால் நீவிவிட்டு ஸ்கேனரில் வைத்தது வந்தது, ஸ்கேனர் கண்ணாடியில் இருந்த கீறல்கூட வந்தது. நடுவில் மட்டும் ஒன்றும் இல்லை. நடுவில் அந்தச் செவத்த பிள்ளை. கன்னத்திலா உதட்டுக்குக் கீழா, எங்கேயோ ஒரு அடையாளம் இருந்தது. அதை எடுத்தது அவள் விரலுக்குத் தெரியும், டிக் டிக் என்று இரண்டு தட்டு. மச்சமா, அம்மைத் தழும்பா, பட்டாசு மருந்து தெறித்த வடுவா. இரண்டு தட்டில் போகிற அளவு. எந்தப் பக்கம்? பல் தெரிந்ததா, வாயை மூடியிருந்தாளா? பார்த்தது எவ்வளவு நேரம் இருக்கும், நாலு நிமிஷம். அன்றைக்கு ஏழு பேர். ஏழாவது ஆளுக்கு வரும்போது முகமே கண்ணில் ஏறவில்லை, வேலைதான் ஏறியது. ஆனாலும் பார்த்தவள் இவள் ஒருத்திதான். இப்போது இவளும் இல்லை.

சொல்லிவிடலாம். அய்யா, போயிருச்சுய்யா, என் தப்பு. அவர் திட்ட மாட்டார். திட்டினால்கூடத் தேவலை. பரவால்ல தாயி என்பார், கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நிற்பார், பஸ் ஏறிப் போய்விடுவார், வீட்டில் கண்ணை மூடினால் அந்தச் செவத்த பிள்ளை வந்து நிற்பாள், சாகிற வரைக்கும் அவள்தான் நிற்பாள், யார் பெற்ற பிள்ளையோ. போட்டோஷாப் ஏறிவிட்டது. கை அதுபாட்டுக்கு முதலாம் ஆண்டுப் படத்தைத் திறந்தது. வெளுத்ததைக் கறுக்க முடியாதா என்ன. எஃப் ஃபைவ் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தலைகீழாகச் செய்துகொண்டு போனால் கிட்டத்தட்ட வராதா. நிறத்தை இரண்டு படி இறக்கினாள். இன்னும் ஒரு படி. கண்ணுக்குக் கீழே குழி போட்டாள், மருந்துப் பொடியில் வேலை பார்த்த பிள்ளைக்குக் குழி இல்லாமலா. நெற்றியில் எண்ணெய் மினுக்கம். காசுமாலையை அழித்தாள், கழுத்து மட்டும் மதுரைக்காரி கழுத்து, அதைத் துப்பட்டாவால் மூடினாள், துப்பட்டாவை வேறு ஒருத்தியிடமிருந்து எடுத்தாள். பின்னால் நீலம் அடித்தாள். அந்த அடையாளத்தை எங்கே வைக்க என்று வெகுநேரம் அம்பை முகத்தின் மேல் நகர்த்திக்கொண்டே இருந்தாள். உதட்டுக்குக் கீழே வைத்தாள். எடுத்தாள். இடது கன்னத்தில் வைத்தாள். அங்கே வைத்ததும் அந்த முகம் சட்டென்று யாரோ ஒருத்தியாக ஆகிவிட்டது.  இது பாவம், இதற்கு மேல் ஒரு பாவம் கிடையாது என்று தெளிவாகத் தெரிந்தது. தெரிந்துகொண்டே சேமித்தாள்.

இரண்டு மணி பஸ் இரண்டே காலுக்கு வந்தது. கொண்டல்சாமி செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். இந்தத் தடவை ஸ்டூலில் உட்கார்ந்தார். வெயிலில் நடந்த மூச்சு அடங்கவில்லை. "இருக்காளா தாயி?" என்றார்.

அய்யா என்று ஆரம்பித்தாள். சொல்லத்தான் ஆரம்பித்தாள், அதில் சந்தேகமில்லை. வாய் திறந்திருந்தது, கை லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிவிட்டது.

அவர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, துண்டு நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். கழுத்தை முன்னால் நீட்டினார். மாவு மில் ஓடத் தொடங்கி, படம் லேசாக நடுங்கியது. அவர் கையை மேஜை மேல் அழுத்தி அதை நிறுத்தப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன வரப்போகிறது என்று அவள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். இது இல்ல தாயி, இது வேற யாரோ என்று சொல்லிவிட மாட்டாரா. சொல்லிவிட்டால் காலில் விழுந்துவிடலாம்.

"தெரியல தாயி" என்றார் கொண்டல்சாமி. குரல் இறங்கிப்போயிருந்தது. "பெத்தவனுக்கே தெரியல பாரு. அவளா இருக்கும்போல இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு. மூணு வருசத்துல இப்படியா அத்துப்போவும்?" திரும்பி அவளைப் பார்த்தார். பிள்ளையின் ரிப்போர்ட் கார்டை வாத்தியாரிடம் நீட்டிவிட்டு நிற்கிற ஆளின் பார்வை. "எங்கிட்ட இருந்தது குழிக்குள்ள போயிருச்சு. அசலப் பாத்தவ நீதான். நீயே சொல்லு தாயி. இதானா அவ?"

சங்கரேஸ்வரி அவர் கண்ணைப் பார்த்தாள். "இதான்யா" என்றாள். "நான் ஒன்னுமே மாத்தல."

அவர் மறுபடி திரையைப் பார்த்தார். இந்தத் தடவை வெகுநேரம் ஆகவில்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. "ஆமா" என்றார். "ஆமா தாயி, இப்ப வருது. இந்தா, இந்த நிறந்தான். ஆலையில இருந்து வந்து நிப்பா பாரு, இப்படித்தான் நிப்பா. ஏளா சாப்பிட்டியான்னா ஒன்னும் சொல்ல மாட்டா, இப்படியே பாப்பா." அழ ஆரம்பித்தார். கையெடுத்துத் திரையைக் கும்பிட்டார். கும்பிட்டபடியே சொல்லிக்கொண்டே போனார், அந்த முகம் சின்ன வயசில் எப்படிச் சிரிக்கும், காய்ச்சலில் எப்படி வாடும், அம்மா செத்த அன்றைக்கு எப்படி இருந்தது என்று. சங்கரேஸ்வரி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.